பூஜைக் குறி கலைக்கப்படவில்லை

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் நாற்பத்தெட்டு வீட்டு அடுக்ககத்தில், இரண்டாவது மாடியில், குணசேகரன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அது ஆய்வு மேசை. அவரும் மனைவி வனஜாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுவார்கள். மேசைமேல் சோற்றுப் பருக்கை விழுந்தால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்ற சிக்கல் வரும் என்பதால் வனஜாவே செய்துகொண்ட ஏற்பாடு அது.

அந்த மேசைக்கு டேப்லெட்டுகள் வந்து படுக்கும். ஓஎஸ் ஏற்றும்போது பாதியில் மூச்சை விட்டவை, கம்பெனி முத்திரையை மட்டும் காட்டிவிட்டு மேற்கொண்டு பேச மறுப்பவை, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ முறையிடுபவை. அவற்றுக்கு மறுபடியும் ஓஎஸ் ஏற்றி உயிரோடு திருப்பி அனுப்புவது குணசேகரனின் ஓய்வுக்காலத் தொண்டு. கூலி கிடையாது. ஆனால் எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொரு படிவம் எழுத வேண்டியிருக்கும்.

ஆவடிப் பக்கம் ஒரு படைத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்தவர் அவர். விருதுநகரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, கல்யாணம் செய்து, ஒரு சமயத்தில் கூட ஒரு பொருளையும் தன் கையால் செய்யாமல் ஓய்வு பெற்றார். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. செய்வது வேறு செக்‌ஷன். அவர் வேலை, செய்துவந்ததைப் பார்த்துப் பச்சைச் சீட்டோ சிவப்புச் சீட்டோ கட்டுவது. பேரனையே முதன்முதலில் தொட்டிலில் பார்த்தபோது, நாலா பக்கமும் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் ‘சரி’ என்றார். சம்பந்தி வீட்டார் அந்த ஒரு நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் அது ஒரு அப்டேட்டை ஏற்றப் போய் நடுவில் நின்றுவிட்டது. பாடி மேம்பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ‘போர்டு அவுட்டு’ என்று சொன்னார். பொருளைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவரை குணசேகரன் வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தித்தார். அந்த அதிர்ச்சியில் வீட்டுக்கு வந்து, பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, கம்பெனி வெளியிட்ட கோப்பைத் தேடி இறக்கி, கேபிளில் இணைத்து, பதினோரு நாள் போராடி ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றினார். அது ஓடியது. ஏன் ஓடியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் செய்தி அடுக்ககம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து மேசை நிரம்பத் தொடங்கியது.

அவர் முறை தனி முறை. வருகிற ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு அட்டை போடுவார். அதில் ஐந்து நிலைகள். முதல் நிலை, புறத்தோற்றம். இரண்டாவது, அணைத்து ஏற்றிப் பார்த்தல். மூன்றாவது, கேபிள் இணைப்பு. நான்காவது, ஓஎஸ் ஏற்றுதல். ஐந்தாவது, இறுதி ஆய்வு. நான்காவது நிலையில் கம்ப்யூட்டர் திரையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வந்தாலும் அவர் அதை மதிப்பதில்லை. செய்தவன் சொல்லை ஆய்வாளர் நம்பினால் அப்புறம் ஆய்வாளர் எதற்கு? நடுவில் பொருளில் ஒரு சின்ன மாற்றம் நடந்தாலும், ஒரு திருகாணியை மாற்றினாலும், பழைய அட்டையை மூடிவைத்துவிட்டு முதல் நிலையிலிருந்து புது அட்டை போடுவார். இதனால் இரண்டு நாள் வேலை எட்டு நாள் ஆகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது வேறு செக்‌ஷன்.

அவருடைய நூற்றுப் பன்னிரண்டாவது அட்டை அஞ்சலையினுடையது.

அஞ்சலை அந்த ஊர்க்காரர். அடுக்ககங்கள் வருவதற்கு முன்பிருந்தே அதே தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் தாலிக்குப் பக்கத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். முந்தானையில் இரண்டு ஊசி குத்தியிருக்கும். அவர் கடையில் அளவு ஜாக்கெட் கேட்கும் வழக்கமே இல்லை. கேட்டால் பெண்கள் தாங்கள் இருக்கும் அளவை அல்ல, இருக்க விரும்பும் அளவைத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் ஒவ்வொருவர் அளவையும் நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறை தைத்த பிறகும் ‘கையில் கால் இஞ்சு விடு’, ‘முதுகு இறக்கம் போதும், மாமியார் சண்டை’ என்று குறிப்புச் சேர்த்துக்கொண்டே வந்தார். பல வருட உழைப்பு அது. மகள் கவிப்பிரியா கல்யாணமாகி ஓசூருக்குப் போவதற்கு முன், தன் காலேஜ் டேப்லெட்டில் அந்த நோட்டு முழுவதையும் டைப் அடித்து ஏற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அறுபத்துமூன்று பேர். அஞ்சலை சந்தோஷத்தில் அந்த வருடப் போகிக்குப் பழைய நோட்டைத் தீயில் போட்டார்.

ஆயுதபூஜை வந்தது. கடையைக் கழுவி, இரண்டு தையல் மெஷின்களுக்கும், கத்தரிக்கோலுக்கும், அளவு நாடாவுக்கும், இஸ்திரிப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார். தொழில் செய்யும் எதையும் விட்டுவிடக் கூடாதல்லவா? டேப்லெட்டுக்கும் வைத்தார். திரையில் வைத்தால் அளவு தெரியாது, முதுகில் உறை இருக்கிறது. அதனால் ஓரத்தில், கை படாத இடமாகப் பார்த்து, தாராளமாக மூன்று பொட்டு.

மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் டேப்லெட் கறுப்பாக இருந்தது. அப்டேட் ஒன்றை ஏற்றுகிறேன் என்று முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தது. ஏற்றி முடித்துத் தன்னைத் தானே அணைத்து ஏற்றிக்கொண்டபோது இப்படி ஆகிவிட்டது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஐந்து வரிப் பட்டியல். வேறு எதுவும் இல்லை. அறுபத்துமூன்று பேருடைய ஜாக்கெட் துணி பெயர்ச்சீட்டோடு கடையில் அடுக்கியிருந்தது. தீபாவளிக்கு இருபது நாள்.

வேறு யாராவது என்றால் மறுபடி அளவெடுத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு இந்தத் தொழிலின் அரசியல் தெரியாது. நாடா போன வருடத்தைவிட ஒரு இஞ்சு கூடுதலாகச் சொன்னால், எந்த வாடிக்கையாளரும் அதைத் தன் உடம்பின்மேல் போட்டுக்கொள்வதில்லை. ‘உன் நாடா சரியில்லை அஞ்சலை’ என்பார்கள். அதற்கப்புறம் வானகரம் ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக வந்திருக்கும் ‘பொட்டிக்’ என்ற புதுப் பாணித் தையல் கடைக்குப் போய்விடுவார்கள். அறுபத்துமூன்று பேரை ஒரே வாரத்தில் நிற்க வைத்து அளவெடுப்பது என்றால், கடையைச் சாத்திவிட்டுச் சாவியை அந்த பொட்டிக் கடைக்காரியிடம் கொடுப்பதற்குச் சமம். வனஜாவே சொல்லிவிட்டார், அஞ்சலை எத்தனை தெரிந்தவரானாலும் இந்த வருடம் அளவு கொடுக்கத் தனக்கு மனசு சரியில்லை என்று.

ஆகவே அஞ்சலை டேப்லெட்டை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடி ஏறினார்.

“சார், சிலேட்டு செத்துப்போச்சு. உள்ள அறுபத்திமூணு பேரு கீறாங்கோ. அவுங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. நீ இன்னா வேணா பண்ணு.”

குணசேகரன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, டேப்லெட்டை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்தார். முதல் நிலையில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘புறத்தோற்றம் நன்று. ஓரத்தில் பூஜைக் குறி உள்ளது. கலைக்கப்படவில்லை.’

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த ஷாப்பில் ஆயுதபூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் வைப்பார்கள். வைத்த சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். அது காய்ந்து தானாக உதிர வேண்டும். ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் துணியை எடுத்து ஒரு லேத்தைத் துடைத்துவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கு அம்மை போட்டது. அம்மைக்கும் லேத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் ஆராயவில்லை. ஆராய்வதற்கு யாரும் துடைத்துப் பார்க்கவும் தயாராக இல்லை. குணசேகரனுக்கு இது விதிப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் விதிப்புத்தகத்தைவிட மேலான விதி.

இரண்டாவது நிலையில் அணைத்து ஏற்றினார். மறுபடியும் அதே கறுப்புத் திரை வந்து நின்றது. மற்ற டேப்லெட்டுகளை இந்தத் திரைக்குக் கொண்டுவர, பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கட்டைவிரல் வலிக்கும். பத்தில் எட்டு முறை நழுவும். இதுவோ எதையும் அழுத்தாமல் தானாகவே வந்து நின்றது. ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று அட்டையில் குறித்துக்கொண்டார்.

உள்ளிருப்பதை அழிக்காமல் மேலே ஓஎஸ்ஸை மட்டும் ஏற்றும் ஒரு வழி உண்டு. அந்த வழியில் ஏற்றினார். கோப்பு இறங்கவே நான்கு மணி நேரம். ஏறியது. கம்ப்யூட்டர் பச்சை எழுத்தில் வெற்றி என்றது. டேப்லெட் அணைந்து, எழுந்து, அதே கறுப்புத் திரையைக் காட்டியது. தோல்வி என்று எழுதினார்.

கேபிளில் கோளாறு இருக்கலாம் என்று அம்பத்தூர் போய் வேறு கேபிள் வாங்கிவந்தார். பொருளில் மாற்றம் இல்லாவிட்டாலும் கருவியில் மாற்றம். ஆகவே புது அட்டை. ஏற்றினார். வெற்றி என்றது. கறுப்புத் திரை. தோல்வி. கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் இடத்தை மாற்றினார். வெற்றி, கறுப்புத் திரை, தோல்வி. கோப்பையே சந்தேகப்பட்டு மறுபடியும் நான்கு மணி நேரம் இறக்கினார். நடுவில் மழைக்கு மின்சாரம் போய், இறங்கியது பாதியில் நின்று, முதலிலிருந்து இறக்கி, ஏற்றினார். நாலாவது தோல்வி. ஐந்தாவது முறை வனஜா சொன்னபடி ராகுகாலம் கழித்து ஏற்றினார். கம்ப்யூட்டர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஆறாவது தோல்விக்குப் பிறகு அவருக்கு உண்மையாகவே குழம்பிவிட்டது. வெற்றியும் தோல்வியும் ஒரே பொருளில் ஒரே நிமிடத்தில் எப்படி இருக்க முடியும்? இரண்டில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சொல்கிறதா, டேப்லெட் சொல்கிறதா, அல்லது தன் கண்ணே சொல்கிறதா? கண்ணைச் சந்தேகித்து வில்லிவாக்கம் போய்க் கண்ணாடி பவரைச் சோதித்துக்கொண்டு வந்தார். கண் அப்படியேதான் இருந்தது. சாப்பிடும்போது ரசத்தையும் மோரையும் மாற்றி ஊற்றிக்கொண்டார். லிஃப்டுக்குள் போய் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றுகொண்டு, அது ஏன் போகவில்லை என்று யோசித்தார். ஏழாவது முறையாக டேப்லெட்டைச் சுற்றிப் பார்த்து, முதல் நிலையில் ஏழாவது முறையாக எழுதினார்: பூஜைக் குறி உள்ளது, கலைக்கப்படவில்லை.

அஞ்சலை தினமும் சாயங்காலம் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது என்பதால், “சார் சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வி நாளுக்கு நாள் கனத்தது.

அப்போதுதான் நான்காவது மாடி கோகுல்நாத் உள்ளே வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது, ஐடி கம்பெனி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. காதில் எப்போதும் ஹெட்செட் இருக்கும் என்பதால், அவர் பேசுவது எதிரில் இருப்பவரிடமா கடலுக்கு அப்பால் இருப்பவரிடமா என்று கண்டுபிடிக்க முடியாது. “ஓகே, நான் பாத்துக்கறேன்” என்று அவர் ஒருமுறை சொன்னதை நம்பி அஞ்சலை கும்பிட்டுவிட்டார். அது மேனேஜருக்குச் சொன்னது.

கோகுல்நாத் தன் லேப்டாப்பிலிருந்து ஏழாவது முறை ஏற்றினார். அவர் லேப்டாப்பும் வெற்றி என்றது. டேப்லெட் கறுப்பாகவே எழுந்தது. இனி ஒரே வழிதான் என்று அவர் விளக்கினார். உள்ளே பழையது எதுவோ சிக்கிக்கொண்டு புது ஓஎஸ்ஸை எழுந்திருக்க விடாமல் தடுக்கிறது. பட்டியலில் நாலாவது வரியில் எல்லாவற்றையும் அழி என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் டேப்லெட் பிறந்த அன்று இருந்ததுபோல் சுத்தமாகிவிடும். உள்ளே இருப்பதும் போய்விடும். ஆனால் டேப்லெட் மிஞ்சும்.

குணசேகரன் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அஞ்சலை இரண்டு நாள் கேட்டார். மகளுக்குப் போன் செய்தார், வேறெங்காவது படி எடுத்து வைத்திருக்கிறாளா என்று. இல்லை. நோட்டுதான் இருக்கிறதே அம்மா என்றாளாம் கவிப்பிரியா. அஞ்சலை போகியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை. தீபாவளிக்கு ஒன்பது நாள். இன்றைக்கே துணியை வெட்டத் தொடங்கினால்தான் ஒரு நாளைக்கு ஏழாகத் தைத்து முடிக்கலாம். மறுபடி அளவெடுப்பதானாலும் இன்றைக்கே தெருவில் இறங்க வேண்டும். இனி தள்ளிப்போட வழியில்லை என்பதால் அஞ்சலை மேலே வந்தார், அறுபத்துமூன்று பேரை வழியனுப்பிவைக்க. குணசேகரன் ஒரு காகிதத்தை நீட்டினார். ‘உள்ளிருப்பவை அழிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதியிருந்தது. அஞ்சலை அதை இரண்டு முறை படித்தார்.

“ஆட்சேபணை கீது சார். ஆனா வேற இன்னா பண்றது?” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாக்கியத்தை எந்தப் பத்தியில் பதிவு செய்வது என்று குணசேகரன் சிறிது நேரம் தவித்தார். பிறகு டேப்லெட்டைக் கையில் எடுத்தார். கறுப்புத் திரையில் ஐந்து வரிகள். முதல் வரிமேல் நீலப் பட்டை நின்றது. ஒலியைக் குறைக்கும் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் பட்டை நாலாவது வரிக்கு இறங்கும். அழுத்தினார். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். பட்டை முதல் வரியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இதுவரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்தே ஏற்றியதால், இந்த டேப்லெட்டின் ஒலிப் பொத்தானைத் தொடும் தேவையே அவருக்கு வந்ததில்லை.

கோகுல்நாத் வாங்கி அமுக்கிப் பார்த்தார். கட்டைவிரல் வெளுத்தது. பட்டை நகரவில்லை.

“பாருங்க அங்கிள், ஓஎஸ் எந்த அளவுக்குக் கெட்டிருக்குன்னு. பட்டன்கூட வேலை செய்யலீங்க. கம்ப்ளீட்டா கரப்ட் ஆயிருச்சு” என்றார். இதில் கடைசி வாக்கியம் ஹெட்செட்டுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

அங்கிள் என்பதை குணசேகரன் வழக்கம்போல் மன்னிக்கவில்லை. ஆனால் பட்டை இறங்காததில் அவருக்கு ஏனோ ஒரு நிம்மதி இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியைத் துடைத்தார்.

“குடு சார் இப்டி” என்று அஞ்சலை கையை நீட்டினார். ஜன்னல் பக்கம் போய், ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கி, டேப்லெட்டின் ஓரத்தைப் பார்த்தார். “இன்னா சார் இது. சந்தனம் வெச்சது வெச்ச மேனிக்கு அப்டியே கீது. இந்த பட்டன் அதுக்குள்ள முங்கிப்போய்க் கீது.”

“அதைத் தொடாதீங்க அஞ்சலைம்மா. பூஜைக் குறி. தானா உதிரணும்.”

“தானாவா?” அஞ்சலை முந்தானையிலிருந்து ஊசியை உருவினார். “மெசினு எண்ணெ ஓட்டையிலயும் வருசா வருசம் பூந்துக்கும் சார். மறுநாளே குத்தி எடுக்காட்டி சக்கரம் சுத்தாது. சாமி இன்னா கோச்சுக்குமா? மெசினு ஓடினாத்தானே அடுத்த வருசம் சந்தனம்.”

குணசேகரன் வாயைத் திறந்தார். அம்மை போட்ட கதை தொண்டை வரை வந்தது. அதற்குள் அஞ்சலை ஊசிமுனையால் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டார், காஜா எடுப்பதுபோல். கல்லாக இறுகியிருந்த சந்தனம் குங்குமத்தோடு பெயர்ந்து, ஒரு சின்ன வில்லையாக மேசைமேல் விழுந்தது. இத்தனை நாள் உள்ளேயே அமுங்கிக்கிடந்த பொத்தான் ‘டிக்’ என்று வெளியே வந்தது.

கோகுல்நாத் டேப்லெட்டை வாங்கி ஒருமுறை அழுத்தினார். பட்டை இரண்டாவது வரிக்கு இறங்கியது. மூன்றாவது. நாலாவது. எல்லாவற்றையும் அழி.

“அவ்வளவுதாங்க. பவரை அழுத்துங்க அங்கிள், முடிஞ்சுது” என்று நீட்டினார்.

அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. யார் யாருடைய பெயரோ.

குணசேகரனின் விரல் பவர் பொத்தான்மேல் போய் நின்றது. நின்றதே தவிர அழுந்தவில்லை. மேசைமேல் கிடந்த சந்தன வில்லையைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி வில்லையைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார்.

“பொருள்ல மாற்றம் நடந்திருக்கு. முதல் நிலையிலேருந்து வரணும்.”

கோகுல்நாத் ஹெட்செட்டைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி அந்த அடுக்ககத்தில் யாரும் பார்த்ததில்லை. “துளியூண்டு சந்தனத்தை எடுத்ததெல்லாம் ஒரு மாற்றமுங்களா?”

“ஒரு இழை போனாலும் மாற்றம் மாற்றந்தான்.”

அட்டையில் பெயர் எழுதினார். தேதி எழுதினார். புறத்தோற்றம் நன்று என்று எழுதினார். ‘பூஜைக் குறி, உரிமையாளரால் கலைக்கப்பட்டது’ என்று எழுதி, அதற்கு அஞ்சலையிடம் தனியே ஒரு கையெழுத்து வாங்கினார். கோகுல்நாத் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு இரண்டாவது நிலை. டேப்லெட்டை அணைத்தார். முப்பது எண்ணினார். ஏற்றினார்.

கம்பெனி முத்திரை வந்தது. அதற்கப்புறம் கறுப்புத் திரை வர வேண்டிய இடத்தில் கறுப்புத் திரை வரவில்லை. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் கல்யாணக் கோலத்தில் கவிப்பிரியா சிரித்தாள்.

அஞ்சலை டேப்லெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, விரலை நாக்கில் தொட்டு, பழைய நோட்டுப் பக்கத்தைப் புரட்டுவதுபோலத் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தபடி அறுபத்துமூன்று வரை போய்த்தான் மூச்சை விட்டார். சரிபார்க்க நடுவில் ஒரு பதிவை உரக்கப் படித்தார். “வனஜாக்கா, பாலாஜி அபார்ட்மென்ட்டு, மார்பு சுத்து...”

சமையலறையிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது. “அஞ்சலை, மனசுக்குள்ள படி” என்றார் வனஜா.

அன்று மத்தியானமே அஞ்சலை கடையில் கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது. மேலே ஆய்வு மேசையில்தான் வேலை முடியவில்லை. கோகுல்நாத் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொத்தான் அழுந்திக்கிடந்ததால்தான் அந்தக் கறுப்புத் திரை வந்துகொண்டே இருந்ததென்றால், முதலில் தானாக ஏறிய அப்டேட்டே சரியாகத்தான் ஏறியிருக்கும், இல்லையா அங்கிள்?

குணசேகரன் ஏழு அட்டைகளையும் பரப்பிவைத்துப் பார்த்தார். ஏழு முறையும் கம்ப்யூட்டர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஏழு முறையும் டேப்லெட் உண்மையைச் சொல்லியிருக்கிறது. தன் கண்ணும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, ஏழு முறையும் சந்தனத்தைப் பார்த்து, கையெழுத்தில் எழுதியே வைத்திருக்கிறது. மூன்று பேர் உண்மை பேசி எப்படி ஏழு பொய் பிறந்தது? அட்டையில் ‘கோளாறுக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஓஎஸ் என்று எழுத முடியாது, ஓஎஸ் கெடவே இல்லை. சந்தனம் என்று எழுதக் கை வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டார். அவர் வாழ்க்கையில் காலியாக விட்ட முதல் கட்டம்.

இரண்டு நாள் கழித்து, சோபாவில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. ஷாப்பில் ஒவ்வொரு வருடமும் ஆயுதபூஜைக்கு அடுத்த இரண்டு வாரம் அவர் மேசையில் சிவப்புச் சீட்டு கூடும். மழைக்கால ஈரம் என்று காரணம் எழுதுவார். ஆயுதபூஜைக்கு அவருடைய அளவுமானிகளுக்கும் சந்தனம் வைப்பார்கள். அவரும் ஒருநாளும் துடைத்ததில்லை. முப்பத்துநான்கு வருடம். எத்தனை நல்ல பொருள்கள் சிவப்புச் சீட்டோடு திரும்பிப் போயிருக்கும்? செய்தவர்கள் எல்லாம் என்ன நினைத்திருப்பார்கள்? அப்படியெல்லாம் இல்லை, ஈரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னது செய்தவன் சொல்லா ஆய்வாளர் சொல்லா என்று தெரியாததால் நம்புவதா வேண்டாமா என்று விளங்கவில்லை. ரசம் ஆறிப்போயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் அஞ்சலை வந்தார். அறுபத்துமூன்றும் தைத்துக் கொடுத்தாயிற்று, அந்த பொட்டிக் கடைக்கு ஒருத்தியும் போகவில்லை. கடைசியாக வனஜாவின் ஜாக்கெட்டை அவரே கொண்டுவந்திருந்தார். இன்னொரு கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் குழைத்த சந்தனம். உதவிய கம்ப்யூட்டருக்கும் கேபிளுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

குணசேகரன் வாழ்நாளில் முதல்முறையாக ஓடினார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லவும் துணிவு வரவில்லை. எந்த இடத்தில் வைத்தால் பாதகம் இல்லை என்று ஆய்வு செய்து, ஒரு வாரத்தில் எழுத்துமூலம் தெரிவிப்பதாகச் சொன்னார்.

அஞ்சலை கிண்ணத்தைப் பார்த்தார். விரித்த கைகளுக்கு நடுவில் இருந்த ஆளைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வனஜா பக்கம் நீட்டினார்.

“கம்ப்யூட்டரு பொட்டிக்கு வாணாங்க்கா. ஓடுன மெசினு இதுதான். இதுக்கு வெச்சுடு.”

வனஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கணவர் நெற்றியில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். அதன் நடுவில் குங்குமம். குணசேகரன் கண்ணாடி நழுவாமல் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு வனஜா கூப்பிட்டபோது, நெற்றியை விட்டுவிட்டுத்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். தானாக உதிரட்டும் என்றார். நாலாம் நாளும் அது உதிரவில்லை.